ஆகஸ்டில் நான் அமுக்கிய மேடு

1

பெரிய மச்சான் பேரணாம்பட்டிலிருந்து எழுதிய கடிதத்தில், நலம் விசாரித்த கையோடு ஒரு கேள்வியும் கேட்டிருந்தார். "நீ தோலை விட்டுட்டு அணுகுண்டு ஃபேக்டரில சேந்துட்டதா இங்க பேசிக்கிறாங்க. நெசமா? ஜாக்கிரதயா இரு. சரோஜாவையும் புள்ளயயும் அந்தப் பக்கம் கூட்டிக்கினு போவாத."

சரோஜா என் மனைவி, மச்சானுடைய தங்கை. கடிதத்தை இரண்டு தடவை படித்துவிட்டு, "எங்கண்ணனுக்குப் பதிலு எழுதறதுக்கு முன்னால, அது இன்னா ஃபேக்டரின்னு மொதல்ல நீங்க தெரிஞ்சுக்கோங்க" என்றாள்.

அதனால் மச்சானுக்கும், அவர் மூலமாக என்னைப் பற்றிப் பேசிக்கொண்டிருக்கும் மற்றவர்களுக்கும் சேர்த்தே இதை எழுதுகிறேன். ஆம்பூரை விட்டு இந்தச் செப்டம்பரோடு பதினோரு வருஷம். முதல் ஏழு வருஷம் தெற்குப் பிரான்சில், கையுறை தைக்கிற ஒரு ஊரில், நம் பக்கத்து ஆட்டுத்தோலைத் தரம் பிரித்துக் கொடுத்தேன். பெண்கள் கையுறை போடுவதை விட்டார்கள், கம்பெனிக்காரர் கதவைச் சாத்தினார். நான்கு வருஷமாகப் பாரிசுக்குத் தெற்கே ஒரு ஆராய்ச்சிக்கூடத்தில், தரைக்குக் கீழே இருக்கும் அறையில் உட்கார்ந்து படம் பார்க்கிறேன்.

குண்டு இல்லை மச்சான். வீட்டு ஒயரில் ஓடுவது எலக்ட்ரான். அதற்கு எடையில் சமமாக, மின்னேற்றத்தில் மட்டும் எதிராக ஒரு ஜோடி உண்டு, பெயர் பாசிட்ரான். இரண்டும் மோதினால் இரண்டுமே இல்லாமல் போய்விடும். மிஞ்சுகிற சக்தி சும்மா இருக்காது, புதிதாக வேறொரு துகளாக உருவெடுக்கும். இங்கே காற்றை முழுக்க உறிஞ்சி எடுத்த ஒரு வட்டக் குழாய் இருக்கிறது. சுற்றிலும் காந்தங்கள். எலக்ட்ரான் ஒரு பக்கமாகவும் பாசிட்ரான் எதிர்ப்பக்கமாகவும் மணிக்கணக்கில் அதற்குள் சுற்றிக்கொண்டே இருக்கும். நேராகப் போகப் பார்க்கும், காந்தம் விடாது, வளைத்து வளைத்து உள்ளேயே வைத்திருக்கும். முதல் தடவை அதைக் கேட்டபோது எனக்கு மூச்சு முட்டியது.

பிறக்கிற புதுத் துகள் எவ்வளவு நேரம் உயிரோடு இருக்கும் என்று ழூலியனைக் கேட்டேன். ழூலியன் இங்கே டாக்டர் பட்டத்துக்கு ஆராய்ச்சி செய்கிறவர். ஒல்லி, எப்போதும் ஒரே ஸ்வெட்டர். இவர்களெல்லாம் பேசுவது பிரெஞ்சுதான். ஆனால் நான் எழுதும்போது அது ஆம்பூர்ப் பேச்சாகத்தான் வரும், பொறுத்துக்கொள்ளுங்கள். அவர் சொன்னார்: "கண்ணு சிமிட்டற நேரத்த கோடியா வெட்டு. அதுல ஒண்ண எடுத்து மறுபடி கோடியா வெட்டு. இன்னொரு தடவயும் வெட்டு. கடைசியா கையில இன்னா நிக்குதோ, அதுக்கும் முன்னாலயே அது செத்துப்போயிருக்கும்."

அப்படியானால் அதை எப்படிப் பார்ப்பது? பார்க்கவே முடியாது. அது உடைந்து, இரண்டு துண்டாக எதிரெதிரே பறக்கும். போகிற வழியில் தகடு தகடாக அடுக்கிய பெட்டிகள் இருக்கின்றன. துண்டு பாய்கிற பாதையில் தகட்டுக்குத் தகடு பொறி தெறிக்கும், கேமரா அதைப் படம் எடுத்துவிடும். சிரமம் என்னவென்றால், ஆகாயத்திலிருந்து வேறு துகள்கள் ஓயாமல் விழுந்துகொண்டே இருக்கின்றன. அவையும் அதே பெட்டிகளில் அதே மாதிரி கோடு இழுத்துவிட்டுப் போகும். ஆயிரக்கணக்கான படத்தில் ஆகாயத்துக் கோடு எது, நடுக்குழாயிலிருந்து கிளம்பிய கோடு எது என்று பிரித்து எழுதுவதுதான் என் வேலை.

ஒரு படத்தை வைத்து ஒன்றுமே சொல்ல முடியாது. வளையத்தின் சக்தியைக் கொஞ்சம் கொஞ்சமாக மாற்றிக்கொண்டே போவார்கள். ஒவ்வொரு சக்திக்கும் தேறிய படங்களை, அதாவது நடுக்குழாயிலிருந்து கிளம்பிய கோடு உள்ளவற்றை, எண்ணி, சுவரில் ஒட்டிய கட்டக் காகிதத்தில் புள்ளி வைப்பார்கள். குறிப்பிட்ட ஒரு சக்தியில் எண்ணிக்கை திடீரென்று ஏறி, அதைத் தாண்டினால் இறங்க வேண்டும். புள்ளிகளில் அப்படி ஒரு மேடு வந்தால், அங்கே ஒரு துகள் பிறந்து செத்திருக்கிறது என்று அர்த்தம். அந்த மேட்டைத் தவிர அதற்கு வேறு உடம்பு கிடையாது.

2

எட்டாவதோடு படிப்பை நிறுத்தியவனுக்கு இந்த வேலை எப்படிக் கிடைத்தது என்று கேட்பீர்கள். எங்கள் அறைக்குப் பொறுப்பானவர் மதாம் லூசி. மதாம் என்றால் நாம் மரியாதைக்கு அம்மா என்கிற மாதிரி. நரைத்த தலை, கழுத்தில் கயிறு கட்டிய கண்ணாடி. வேலை கேட்டு வந்த அன்றைக்கு ஒரு சின்னப் படச்சுருளைக் கொடுத்து, "இதுல தேறுறத எடு" என்றார். அவர்கள் ஏற்கெனவே எண்ணி வைத்திருந்ததைவிட இரண்டு அதிகமாக எடுத்தேன். மறுபடி பார்த்தார்கள்; இரண்டும் சரி.

"இந்தக் கண்ணு உனக்கு எங்க கெடச்சுது?"

"ஆட்டுத் தோலுல."

சிரித்தார். நான் விளையாட்டுக்குச் சொல்லவில்லை. ஆம்பூர் குடோனில் பதினைந்து வருஷம் அதே வேலைதான். வடக்குப் பார்த்த பெரிய ஜன்னல், அதன் கீழே நீள மேஜை. ஒரு பக்கம் நான், எதிர்ப்பக்கம் கரீம் பாய். ஆவாரம்பட்டையில் ஊறிப் பதமாகி வந்த தோலை ஜன்னல் வெளிச்சத்தில் சாய்த்துப் பிடிப்போம். உண்ணிக் கடியா, அம்மைத் தழும்பா, முள் கீறலா, உரிக்கும்போது பட்ட கத்தியா? ஒரு மூச்சு விடுவதற்குள் முடிவு. முதல் தரம், இரண்டாம் தரம், மூன்று, கழிவு. கை தானாகப் போடும்.

அங்கே ஒரு வழக்கம் இருந்தது. எங்கள் முத்திரை போட்ட சரக்கில் பத்துக்கு மூன்று முதல் தரம் என்பது வெளிநாடு வரைக்கும் தெரிந்த விஷயம். ஒரு நாள் அது பத்துக்கு ஐந்தாக வந்தால் யாரும் தோலைச் சந்தேகப்பட மாட்டார்கள். "கண்ணு எளகிப்போச்சு" என்பார்கள். மேஸ்திரி வந்து தட்டிச் சொல்வார். உடனே முதல் தரக் குவியலைத் திரும்பக் கலைத்து, சந்தேகத்துக்கு இடம் தருகிற ஒவ்வொன்றையும் ஒரு படி கீழே தள்ளுவோம், பத்துக்கு மூன்று வருகிற வரைக்கும். அது ஏமாற்று இல்லை. சாப்பிட்ட பிறகு, மேகம் மூடினால், வீட்டில் சண்டை போட்டுவிட்டு வந்தால், கண் இளகத்தான் செய்யும். எண்ணிக்கையை வைத்துக் கண்ணைத் திருத்திக்கொள்வது தேர்ந்த ஆளின் அடையாளம். மேஸ்திரி சொல்வதற்கு முன்னால் தானே திருத்திக்கொள்கிறவனுக்குத் தனி மதிப்பு. எனக்கு அந்த மதிப்பு இருந்தது.

ஒரு வருஷம் நாட்றம்பள்ளிப் பக்கமிருந்து ஒரு லோடு வந்தது. நல்ல மழை பெய்த வருஷம், ஆடெல்லாம் கொழுத்திருந்தது. தோல் பட்டு மாதிரி. வழக்கம் போல மேஸ்திரி தட்டினார். கரீம் பாய் தட்டியவரைத் திரும்பிப் பார்த்தார்.

"தோலே நல்லா வந்தா இன்னா பண்றது மேஸ்திரி? தோலு மாறுது, கண்ணு மாறுது. உங்க பத்துக்கு மூணு மட்டும் மாறவே மாறாதா?"

"பேஜார் பண்ணாத கரீம். கீழ தள்ளு."

"தள்றேன். ஆட்டுக்கிட்ட நீங்க மன்னிப்பு கேட்டுக்கோங்க."

மேஜையே சிரித்தது. நானும் சிரித்தேன். சிரித்துக்கொண்டே கீழே தள்ளினேன்.

3

ஆகஸ்ட் மாதம் இந்த நாட்டில் யாரும் இருப்பதில்லை. ரொட்டிக்கடைக்காரர் கதவில் ஒரு சீட்டை ஒட்டிவிட்டுக் கடற்கரைக்குப் போய்விடுவார். ஆராய்ச்சிக்கூடமும் அப்படித்தான். என் அறையில் வேலை செய்யும் இரண்டு பெண்களும் போய்விட்டார்கள். மதாம் லூசியும் போய்விட்டார். போவதற்கு இடம் இல்லாத நான் இருந்தேன். சாதாரணமாக ஒவ்வொரு சுருளையும் இரண்டு பேர் தனித்தனியாகப் பார்த்து, பிறகு ஒப்பிடுவார்கள். ஆகஸ்டில் ஒப்பிட ஆள் இல்லை. கோடை முடிந்ததும் கணக்கு வேண்டும் என்ற அவசரத்தில், என் ஒற்றைக் கண்ணே போதும் என்று விட்டுவிட்டார்கள். என்னை அவ்வளவு நம்பினார்கள் என்று பெருமையாகக்கூட இருந்தது.

கூரையை ஒட்டிய சின்ன ஜன்னலில் கறுப்புக் காகிதம். வெளியே வெயிலா மழையா தெரியாது. இருட்டில் மேஜை மேல் படம் விழும். கைப்பிடியைத் திருப்பினால் அடுத்தது. நடுக்குழாய் இருக்கும் இடத்தைக் காட்ட மேஜையில் ஒரு வட்டம் உண்டு; கோடு அந்த நடுவட்டத்துக்குள் பட்டால் தேறியது, வட்டத்துக்கு வெளியே போனால் ஆகாயத்துக் கோடு. ஆனால் வட்டத்தின் விளிம்பைத் தொட்டும் தொடாமலும் போகிறவை நிறைய. அங்கேதான் கண் பேச வேண்டும்.

அந்த மாதம் அதுவரை பார்த்த சுருள்களில் சுருளுக்குப் பத்து, பன்னிரண்டு, ஒன்பது என்று தேறியிருந்தது. ஒரு செவ்வாய்க்கிழமை எடுத்த சுருளில் மத்தியானத்துக்குள்ளேயே பதினைந்தைத் தாண்டிவிட்டது. முடிக்கும்போது இருபத்தாறு.

நான் பென்சிலை வைத்துவிட்டு யோசித்தேன். யோசித்தேன் என்று சொல்வதுகூடப் பொய். மனசுக்குள் மேஸ்திரி மேஜையைத் தட்டிவிட்டார், அவ்வளவுதான். தனியாக உட்கார்ந்து உட்கார்ந்து கண் இளகிப்போய்விட்டது என்று முடிவு செய்தேன். சுருளை முதலிலிருந்து ஓட்டினேன். விளிம்பைத் தொட்டவற்றை எல்லாம் அடித்தேன். இன்னும் கூடுதலாகத்தான் இருந்தது. கொஞ்சம் மங்கலாக இருந்தவற்றையும் அடித்தேன். பன்னிரண்டு வந்ததும் மனசு அமைதியாயிற்று. அதே சக்தியில் எடுத்த இன்னும் இரண்டு சுருள்கள் அந்த வாரத்திலேயே வந்தன. அவற்றையும் அதே கண்டிப்போடு பார்த்து, சுத்தமான தாளில் எழுதிக் கையெழுத்துப் போட்டேன். வீட்டுக்குப் போகும்போது பாட்டுக்கூட முணுமுணுத்தேன்.

4

செப்டம்பர் வந்தால் எனக்குக் குடியிருப்பு அட்டை புதுப்பிக்கிற மாதம். காலையில் அரசாங்க அலுவலகத்துக்குப் போய் ஜன்னல் முன்னால் வரிசையில் நின்றால், முறை வரும்போது சாப்பாட்டு மணி அடிக்கும். அந்த ஜன்னலில் என்னை விட என் மகள் வசந்தா நன்றாகப் பேசுவாள். பதிமூன்று வயது. இரண்டு வயதில் வந்தவள். தமிழில் கேட்டால் புரிந்துகொள்வாள், பதில் பிரெஞ்சில்தான் வரும். பள்ளிக்கூடத்து வாசலில் அவள் அம்மா சேலையோடு நின்றால் எதிர்ச்சாரியில் நடந்து வருவாள். சரோஜா அதைச் சொல்லிக்காட்ட மாட்டாள். மழைக்கோட்டுப் போட்டு மூடிக்கொண்டு நிற்கப் பழகிவிட்டாள்.

ஜன்னலுக்கு அந்தப் பக்கம் இருந்த பெண் அதிகாரி தாளைப் புரட்டினார். "தொழில்?"

நான் விளக்க ஆரம்பித்தேன். எலக்ட்ரான், பாசிட்ரான் என்று நாலு வரி போவதற்குள் வசந்தா என் முழங்கையை இடித்து, என்னமோ ஒற்றை வார்த்தை சொன்னாள். அதிகாரி எழுதிக்கொண்டார்.

"இன்னாம்மா சொன்ன?"

"போட்டோ பாக்கறவர்னு சொன்னேன்."

"அவ்ளோதானா?"

"அப்பா, பின்னால நாப்பது பேர் நிக்கறாங்க."

அவள் தமிழில் பதில் சொன்னதே எனக்கு அன்றைக்குப் போதும். அந்த அதிகாரி தலையை நிமிர்த்தாமல் இன்னும் ஏதோ சொன்னார். வசந்தாவின் காது சிவந்தது. என்ன என்று கேட்டேன். "வெள்ளிக்கிழமைக்குள்ள வேலைக் கடுதாசி வேணுமாம், மேலதிகாரி கையெழுத்தோட" என்றாள். அதற்குக் காது சிவக்காது. சொன்னதில் பாதியை அவள் தனக்குள்ளேயே வைத்துக்கொண்டாள் என்று தெரிந்தது. வைத்துக்கொள்ளட்டும் என்று விட்டுவிட்டேன்.

ஆக, கடிதம் இருந்தால் மூன்று வருஷ அட்டை. இல்லாவிட்டால் பெட்டியைக் கட்ட வேண்டியதுதான். கட்டிக்கொண்டு எங்கே போவது? ஆம்பூரில் என் மேஜையில் வேறு ஆள் நிற்கிறார். வசந்தாவுக்குத் தமிழ் எழுத்தில் தன் பெயரைத் தவிர வேறு தெரியாது. இங்கேயும் முழுசாக இல்லை, அங்கே திரும்பவும் வழி இல்லை. எங்கள் வீட்டு அடுக்களை ஜன்னலைத் திறந்தால் நாலு அடியில் பக்கத்துக் கட்டடத்துச் சுவர். சரோஜா அதைப் பார்த்துக்கொண்டுதான் சமைக்கிறாள். "இந்தச் செவுத்துல எத்தன செங்கல்லுன்னு கேளுங்க, சொல்றேன்" என்பாள்.

5

அந்தத் திங்கட்கிழமை மேல்மாடிக்குக் கடித விஷயமாகப் போனேன். மதாம் லூசி விடுமுறை முடிந்து வந்திருந்தார். "புதன்கிழம வா, டைப் அடிச்சு வெக்கிறேன்" என்றார். திரும்பும்போது தாழ்வாரத்தில் ழூலியன் நின்றிருந்தார். சுவரில் அந்தக் கட்டக் காகிதம்.

விடுமுறைக்கு முன்னும் பின்னும் இரண்டு பேர் பார்த்த சுருள்களின் புள்ளிகள் இடது பக்கமிருந்து அழகாக ஏறிக்கொண்டு வந்தன. வலது பக்கமிருந்தும் ஏறிக்கொண்டு வந்தன. நடுவில், உச்சி இருக்க வேண்டிய இடத்தில், ஒரு புள்ளி மட்டும் பள்ளத்தில் கிடந்தது, பல் விழுந்த வாய் மாதிரி.

"இன்னா ஆச்சு?" என்று கேட்டேன்.

"அதத்தான் ரெண்டு வாரமா கேட்டுக்கினு இருக்கேன். வியாழக்கிழம கூட்டம். துகள் இருக்கும்னு நான் சொன்ன எடத்துல ஒண்ணும் இல்லன்னு ஆயிடுச்சுன்னா, வளையத்த வேற குழுவுக்குக் குடுத்துடுவாங்க." மூன்று வருஷ வேலையைச் சொல்கிறவர், பஸ் தவறவிட்டவர் மாதிரி சொன்னார். "மெஷின்ல கோளாறான்னு பாத்தாச்சு. கேமராவ பாத்தாச்சு."

"அந்தப் புள்ளி எந்தச் சுருளு?"

அவர் எண்ணைச் சொன்னார். ஆகஸ்ட். மூன்று சுருள்.

என் கால் அடியில் தரை இருந்தது, நான்தான் இல்லை. இருபத்தாறு. கண் இளகவில்லை. தோல் நன்றாக வந்திருந்தது. அவ்வளவுதான் நடந்தது. குடோனில் எண்ணிக்கை முன்பே தெரியும், அதை வைத்துக் கண்ணைத் திருத்த வேண்டும். இங்கே எண்ணிக்கை யாருக்கும் தெரியாது. அதைத் தெரிந்துகொள்வதற்காகத்தான் என் கண்ணை வேலைக்கு வைத்திருக்கிறார்கள். நான்கு வருஷம் அந்த இருட்டில் உட்கார்ந்தும் இந்த ஒரு வித்தியாசம் எனக்கு உறைக்கவில்லை.

ழூலியன், "உன் சுருளு சரியாத்தான் இருக்கும். உன்ன நான் சந்தேகப்படல" என்று வேறு சொல்லிவிட்டார்.

6

செவ்வாய் சாயங்காலம் சரோஜாவிடம் சொன்னேன். வசந்தா மேஜையின் மறுபக்கம் நோட்டை விரித்துவைத்துக்கொண்டிருந்தாள். கேட்கிறாளா இல்லையா தெரியவில்லை.

சரோஜா வெங்காயம் அரிவதை நிறுத்தவில்லை. "நீங்க தப்பா அடிச்சது யாருக்காச்சும் தெரியுமா?"

"தெரியாது."

"அப்ப கடுதாசி வாங்கிக்கினு அப்பால சொல்லுங்க."

"வாங்கறது புதன், குடுக்கறது வெள்ளி. நடுவுல வியாழன் கூட்டம் போயிடும்."

"போனா போவட்டும். பொறந்த ஒடனே செத்துப்போறதுன்னு நீங்கதான சொன்னீங்க? செத்ததுக்காவ நாம இன்னாத்துக்கு ஊரு ஊரா அலையணும்? அது இன்னா நம்ம சொந்தமா பந்தமா?"

வெங்காயத்தைச் சட்டியில் போட்டாள்.

"அந்த ஸ்வெட்டர் போட்ட புள்ள," என்றாள், "நம்ம வீட்டுல பிரியாணி துன்னுட்டு கண்ணுல தண்ணியா ஊத்திச்சே, அதுவா?"

"அவர்தான்."

"காரம் ஆவல, ஆனா மறுபடியும் போடச் சொல்லிச்சு." கொஞ்ச நேரம் கிளறினாள். "நான் வேணாம்னு சொன்னா சொல்லாம இருப்பீங்களா?"

"இருப்பேன்."

"இருந்துட்டு, தெனமும் அந்த இருட்டுல போய் குந்திக்கினு, தெனமும் இந்தச் செவுரு முன்னால வந்து குந்திக்கினு… நானே ஒரு செவுரத்தான் சமாளிக்கிறேன். ரெண்டாவத நீங்க கட்டாதீங்க."

மறுபக்கத்திலிருந்து வசந்தா, தலையை நோட்டிலிருந்து எடுக்காமல், தமிழிலேயே கேட்டாள்: "கடுதாசி குடுக்கலன்னா, பரீட்சைக்கு முன்னால போவணுமா, பின்னாலயா?"

சரோஜா அடுப்பைத் தணித்தாள்.

7

புதன்கிழமை மதாம் லூசியின் மேஜையில் கடிதம் தயாராக இருந்தது. பேனா மூடியைக் கழற்றிக்கொண்டிருந்தார். கண்ணாடி வழியாக ஒரு தடவை படித்துக் காட்டினார்: "நான்கு வருஷமாகக் கவனத்துடனும் நம்பகத்துடனும் பணிபுரிந்து வருகிறார்." அந்த வரியில் நான் கையை நீட்டித் தாளை மறைத்தேன்.

"மதாம், கையெழுத்துப் போடாதீங்க. மொதல்ல நான் ஒண்ணு சொல்லணும்."

சொன்னேன். மழை பெய்த வருஷத்து ஆட்டிலிருந்து ஆரம்பித்தேன். அவருக்கு அவசரம் இல்லை. குறுக்கே ஒன்றும் கேட்கவில்லை. பத்துக்கு மூன்று என்பது வரும்போது மட்டும், "யாரு சொல்லிக் குடுத்தாங்க?" என்றார். "யாரும் இல்ல, அங்க எல்லாரும் அப்படித்தான்" என்றேன். முடித்ததும் பேனாவுக்கு மூடியைப் போட்டார். அந்தச் சத்தம் இன்னும் காதில் இருக்கிறது.

"எத்தன சுருளு?"

"மூணு."

"மொத்தம் எத்தன அடிச்ச?"

"ஞாபகம் இல்ல. பாதிக்கு மேல இருக்கும்."

"நீயே திரும்பப் பாக்கறேன்னு சொல்லத்தான வந்த?"

ஆமாம் என்றேன்.

"கூடாது. இப்ப இன்னா வேணும்னு உனக்குத் தெரியும். நேத்து கீழ தள்ளின கை, இன்னிக்கு மேல தள்ளும்." எழுந்து அலமாரியிலிருந்து மூன்று சுருள் டப்பாவையும் எடுத்து மார்போடு அணைத்துக்கொண்டார். "கடுதாசி இங்கயே இருக்கட்டும்."

விடுமுறை முடிந்து வந்திருந்த என் அறைப் பெண்கள் இரண்டு பேரும் தனித்தனி மேஜையில், ஒருவர் தாளை ஒருவர் பார்க்காமல், சுருள்களை ஓட்டினார்கள். எதற்காக என்று அவர்களிடம் சொல்லவில்லை. என்னை அறையை விட்டு வெளியே உட்காரச் சொன்னார்கள். படிக்கட்டில் உட்கார்ந்திருந்தேன். உள்ளே கைப்பிடி திரும்புகிற சத்தம். நிற்கும், திரும்பும். நிற்கிற ஒவ்வொரு தடவையும் பென்சில் எழுதுகிறது என்று அர்த்தம். வியாழக்கிழமை காலை வரைக்கும் நான் அப்படி நிற்பதை எண்ணிக்கொண்டிருந்தேன். என் வாழ்க்கையில் ஒரு எண்ணிக்கை ஏறட்டும் என்று வேண்டிக்கொண்டது அதுதான் முதல் தடவை. ஏறினால் என் தப்பு உறுதியாகும். ஏறாவிட்டால் நான் சொன்னதே வீண்.

முதல் சுருளில் ஒருவருக்கு இருபத்தைந்து, இன்னொருவருக்கு இருபத்தேழு.

8

பள்ளத்தில் கிடந்த புள்ளி ஒரு சாண் மேலே போயிற்று. கூட்டத்தில் ழூலியன் நாற்காலி மேல் ஏறி நின்றார் என்று கேள்விப்பட்டேன். வளையம் அவர் குழுவிடமே இருக்கிறது. தாழ்வாரத்தில் காகிதக் கோப்பைகளில் மது ஊற்றினார்கள். எனக்கும் ஒன்று கொடுத்தார்கள். நான் குடிப்பதில்லை, கையில் வைத்துக்கொண்டு நின்றேன். பக்கத்தில் வந்து யாரும் நிற்கவில்லை. கோபம் என்று சொல்ல முடியாது. என்ன சொல்வது என்று யாருக்கும் தெரியவில்லை.

கடிதத்தில் மதாம் லூசி வெள்ளிக்கிழமை காலை கையெழுத்துப் போட்டார், புதிதாக டைப் அடித்து. "கவனத்துடனும் நம்பகத்துடனும்" என்ற வரி அதில் இல்லை. "நான்கு வருஷமாகப் பணிபுரிந்து வருகிறார்" என்பதோடு நின்றுவிட்டது. அவர் பொய்யும் எழுதவில்லை, என்னைக் கைவிடவும் இல்லை. ஜன்னல்கார அதிகாரி அதைப் படித்துப் பார்த்து, மூன்று வருஷத்துக்குப் பதிலாக ஒரு வருஷத்துக்கு முத்திரை குத்தினார். வசந்தா முத்திரையைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள். பஸ்ஸில் வரும்போது என் பக்கத்திலேயே உட்கார்ந்தாள்.

ழூலியன் பத்து நாள் கீழே இறங்கவில்லை. பிறகு ஒரு மத்தியானம் வந்தார். முகம் கொடுக்காமல் புரொஜெக்டரைத் துடைக்கிற மாதிரி நின்றார்.

"நீ சொல்லாம இருந்திருந்தா எனக்குக் கடைசி வரைக்கும் தெரிஞ்சிருக்காது," என்றார். "அத நெனச்சாதான் எனக்கு ஆத்திரமா வருது."

"வரட்டும்" என்றேன்.

"இன்னொண்ணும் தோணுது. ஆகஸ்டுல இந்தக் கூடத்துலயே அத மொதல்ல பாத்தவன் நீ. எங்க யாருக்கும் தெரியறதுக்கு முன்னால உன் மேஜ மேலதான் அது மொளச்சுது."

அதை யோசித்தபடியே இந்தக் கடிதத்தை எழுதுகிறேன், மச்சான். பெரிய படிப்புப் படித்தவர்கள் மூன்று வருஷம் தேடிய மேடு ஒரு செவ்வாய்க்கிழமை என் கண் முன்னால் எழுந்தது. உலகத்திலேயே அன்றைக்கு அதைப் பார்த்தவன் நான் ஒருவன்தான். பார்த்ததும் என்ன செய்தேன்? ஒரு நல்ல வேலைக்காரன் செய்வதைச் செய்தேன். அமுக்கிவிட்டேன்.

இப்போது புது ஏற்பாடு. சுருள் டப்பாவின் மேல் இருக்கும் எண்ணைக் கறுப்புப் பட்டை ஒட்டி மறைத்துவிடுகிறார்கள். எந்தச் சக்தி, எந்த நாள், எதுவும் எங்களுக்குத் தெரியாது. தேறியதை எண்ணக்கூடாது, படத்தின் எண்ணை எழுதித் தாளைக் கவிழ்த்துவிட வேண்டும். எல்லோருக்கும் அதே விதி. என்னால் வந்தது என்று யாரும் வாய்விட்டுச் சொல்வதில்லை. இருட்டு அறைக்குள் இன்னொரு இருட்டு.

எண்ணாமல் இருக்க முடிகிறதா என்று கேட்காதீர்கள். இன்று காலை எடுத்த சுருளில் நிறைய வந்தது. எத்தனை என்று சொல்ல மாட்டேன், ஆனால் எனக்குத் தெரியும். பாதியில் வலது கை தானாகப் பின்னோக்கித் திருப்பப் போனது. கைப்பிடியை விட்டுவிட்டு, அந்தக் கையைத் தொடைக்கு அடியில் வைத்து அதன் மேலேயே உட்கார்ந்தேன். இடது கையால் முன்னோக்கித் திருப்பினேன். அடுத்த படம் வந்தது. கோடு விளிம்பைத் தொட்டுக்கொண்டு போயிற்று. வட்டத்துக்கு உள்ளேதான்.

எழுதினேன்.